ஒரு பெட்டி, மூன்று ஹார்டு டிஸ்க்: மின்சாரம் போதுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். பயனற்றவை என்று கழித்துக்கட்டிய (கண்டம் செய்த) பொருள்களின் ஏலத்திலிருந்து வந்த மைக்ரோவாக்ஸ் 2 மினி கணினி ஒன்றை, அதன் பிஏ23 பெட்டியோடு வாங்கினேன். உள்ளே இருந்த ஆர்டி53 என்ற ஐந்தேகால் அங்குல ஹார்டு டிஸ்குடன், டேப் டிரைவ் இருந்த இடத்தில் இரண்டு மூன்றரை அங்குல ஸ்கஸி (SCSI என்ற இணைப்பு முறையில் இயங்கும்) டிஸ்குகளையும் பொருத்தி, ஒரு மின் இணைப்பை இரண்டாகப் பிரிக்கும் ஒய் ஒயர் மூலம் மின்சாரம் கொடுத்தேன். சுவிட்சைப் போட்டால் டிஸ்குகள் சுழலத் தொடங்கியதும் கணினி அணைந்து, மீண்டும் முதலிலிருந்து கிளம்புகிறது. பழைய பவர் சப்ளையைக் கழற்றி எறிந்துவிட்டு 1000 வாட் எஸ்எம்பிஎஸ் (இன்றைய கணினிகளில் உள்ள பவர் சப்ளை) போடுமாறு புதுச்சேரி வியாபாரி ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: செய்ய வேண்டாம். தாங்கள் விவரிப்பதைப் பார்த்தால், பவர் சப்ளை பழுதாகியிருப்பதைவிட, ஒரே நொடியில் அதன் சக்திக்கு மேல் கேட்கப்படுகிறது என்பதற்கே வாய்ப்பு அதிகம். அந்தப் பெட்டியின் மொத்தத் திறன் 230 வாட். 5 வோல்ட்டில் அதிகபட்சம் 36 ஆம்பியர், 12 வோல்ட்டில் அதிகபட்சம் 7 ஆம்பியர். இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் 264 வாட் வருகிறது. ஆகவே இரு பக்கமும் ஒரே நேரத்தில் முழு அளவை எடுக்க முடியாது என்பது அந்தக் கணக்கிலேயே தெரிகிறது. 5 வோல்ட்டின் பெரும்பகுதியைப் போர்டுகள் எடுத்துக்கொள்கின்றன. டிஸ்கின் மோட்டார் தின்பது 12 வோல்ட்டை. கிணற்று மோட்டாரைப் போட்டதும் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்குவது போல, டிஸ்க் மோட்டாரும் ஓடும்போது எடுப்பதைவிடக் கிளம்பும்போது பல மடங்கு அதிகம் எடுக்கும். ஆர்டி53 போன்ற முழு உயர ஐந்தேகால் அங்குல டிஸ்குக்கு அந்த நேரத்தில் சுமார் 4 ஆம்பியர், ஸ்கஸி டிஸ்குகளுக்குத் தலா சுமார் 2 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், மூன்றும் சேர்ந்து கிளம்பும்போதே 7 ஆம்பியர் தாண்டிவிடுகிறது.

எனவே தீர்வு, மூன்றையும் ஒரே நேரத்தில் கிளம்பவிடாமல் இருப்பது. ஆர்டி53 போன்ற பழைய வகை டிஸ்க், மின்சாரம் வந்ததும் சுழலத் தொடங்கிவிடும்; அதைக் காத்திருக்கச் சொல்ல வழியில்லை. ஸ்கஸி டிஸ்க் அப்படியல்ல. பெரும்பாலான ஸ்கஸி டிஸ்குகளில் மோட்டாரைத் தாமதமாகக் கிளப்புவதற்கான ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சிறிய மூடி) உண்டு. இதில் இரண்டு வகை இருப்பதால் கவனம் தேவை. ஒரு ஜம்பர், கட்டளை வரும் வரை மோட்டாரை நிறுத்தி வைக்கும். அந்தக் கட்டளையை எல்லா ஸ்கஸி கன்ட்ரோலர் கார்டுகளும் அனுப்புவதில்லை, அனுப்பாத கார்டாக இருந்தால் டிஸ்க் சுழலவே சுழலாது. மற்றொரு ஜம்பர், டிஸ்கின் ஸ்கஸி எண்ணை (ஒவ்வொரு டிஸ்கையும் அடையாளம் காண நாம் கொடுக்கும் எண்) குறிப்பிட்ட சில நொடிகளால் பெருக்கி, அவ்வளவு நேரம் காத்திருந்து கிளப்பும். தங்களுக்கு ஏற்றது இந்த இரண்டாவது வகைதான். ஆனால் பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யமே என்பதால், 0 எண் கொடுக்கப்பட்ட டிஸ்க் காத்திருக்காது. ஆர்டி53 உடனேயே அதுவும் கிளம்பும். ஆகவே இரண்டு டிஸ்குகளுக்கும் 1, 2 என்ற எண்களைக் கொடுத்து, 0 எண்ணைக் காலியாக விடுங்கள்.

இனி அந்த 1000 வாட் யோசனை. இந்தக் கணினியின் பழைய பவர் சப்ளை மின்சாரத்தை மட்டும் கொடுப்பதில்லை. மின்னழுத்தம் சரியாக இருக்கிறது என்று பிபிஓகே, பிடிசிஓகே என்ற இரண்டு சமிக்ஞைகளைப் போர்டுகளுக்கு அனுப்புகிறது. அவை வராவிட்டால் கணினி தொடங்காது. சாதாரண எஸ்எம்பிஎஸ் அவற்றை இந்த வடிவில் தருவதில்லை. அதை விற்பவருக்கு இது தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்லமாட்டார். லேபிளில் அச்சிட்ட 1000 வாட்டையும் நம்பாதீர்கள். 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள். கழற்றிய பழைய சப்ளையைக் "குப்பை" என்று சொல்லி வாங்கிப்போய், வேறொருவரிடம் அரிய பொருள் என்று விற்பதும் நடக்கிறது. ஏலம் விடும் அலுவலகங்களோ கேபிளை வெட்டி, கையேட்டைத் தூக்கி எறிந்து, எடை போட்டு விற்கின்றன. 2022 மின்னணுக் கழிவு விதிகள் பதிவு பெற்ற நிறுவனங்களிடம் ஒப்படைக்கச் சொல்கின்றன. ஓடக்கூடிய கணினி எது, உடைக்க வேண்டியது எது என்று பிரித்துப் பார்க்க மட்டும் யாருக்கும் பொறுமை இல்லை.

ஒய் ஒயரை மாற்றிவிடுங்கள். கடற்கரை ஊரில் உப்புக்காற்று பட்டுக் கருத்த பின்கள் சூடேறி உருகும். பெட்டியின் பின்னால் உள்ள மின்னழுத்தத் தேர்வு சுவிட்ச் 230 பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள்; 115 பக்கம் இருக்க நம் வீட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் உள்ளிருக்கும் கெபாசிட்டர்கள் வெடிக்கும். பவர் சப்ளையைத் தாங்களாகத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

ஜம்பர் மாற்றிய பின்னும் கணினி அணைந்தால், ஸ்கஸி டிஸ்குகள் இரண்டையும் வெளியே தனி சப்ளையில் வைத்து, அதன் தரை ஒயரைப் பெட்டியின் தரையோடு மட்டும் இணையுங்கள். இரண்டு சப்ளைகளின் 12 வோல்ட் ஒயர்களை ஒருபோதும் ஒன்றாகக் கட்டாதீர்கள். டிஸ்குகள் கிளம்பும் நேரத்தில் டிஸ்கின் மின் கனெக்டரில் 12 வோல்ட் வரும் முதல் பின்னில் மல்டிமீட்டர் 11.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால், சுமை இன்னும் அதிகம் என்று பொருள்.