மேலிருந்து தெரிந்த ஓடுபாதை ஃபைனலில் மறைந்தால்

மூட்டத்தில், ஃபைனலில், அதாவது ஓடுபாதையை நோக்கி நேராக இறங்கி வரும் கடைசிக் கட்டத்தில், ஓடுபாதை மறைந்தால் இறங்காதீர்கள். ஓடுபாதை கண்ணை விட்டுப் போன நொடியே முழு பவர் கொடுத்து ஏறிவிடுங்கள். "இன்னும் நூறு அடி இறங்கினால் தெரியும்" என்ற நினைப்புதான் ஆபத்து.

நேர் மேலே சுற்றும்போது தெளிவாகத் தெரிந்ததே என்கிறீர்கள். அங்கே மூட்டத்தைச் செங்குத்தாக, மெல்லிய அடுக்காகப் பார்த்தீர்கள். ஃபைனலில் அதையே சாய்வாக, மைல் கணக்கில் ஊடுருவிப் பார்க்க வேண்டும். மேற்கு நோக்கி இறங்கினால் சாயும் வெயிலில் மூட்டமே வெள்ளைத் திரையாகிவிடும். ஓடுபாதை தூரமாகத் தோன்றும், நாமும் அறியாமல் தாழ்ந்துவிடுவோம்.

அடுத்த முறை ஓடுபாதை ஓரத்தில் நாம் சரியான உயரத்தில் வருகிறோமா என்று காட்டும் நான்கு பாப்பி (PAPI) விளக்குகளைப் பாருங்கள்: இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றால் சரி. நான்கும் சிவப்பு என்றால் ரொம்பத் தாழ்வு.

அப்புறம், அமெரிக்காவில் சூரியன் மறைந்தபின் ஸ்பெஷல் விஎஃப்ஆருக்கு (பார்வைத் தூரம் குறைந்தபோதும் கண்ணால் பார்த்தே பறக்கத் தரும் சிறப்பு அனுமதி) இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளைக் கொண்டே பறக்கும் தகுதி) வேண்டும். அது இல்லையென்றால், எரிபொருள் இருக்கும்போதே வானம் தெளிவான வேறு விமான நிலையத்துக்குத் திரும்பிவிடுங்கள்.