மழை குறையவில்லை, ஓடை ஏன் வற்றுகிறது?

நிலமும் நீரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மழைக்காலம் முடிந்து நான்கு மாதம் வரை ஓடிய ஓடை, இப்போது ஒரு மாதம்கூடத் தாங்குவதில்லை. மேட்டில் மனைப்பிரிவும் வந்துவிட்டது, போர்வெல்களும் பெருகிவிட்டன. எது காரணம்?

பதில்: இரண்டும் ஓடையைக் கெடுக்கும், கெடுக்கிற விதம்தான் வேறு. தளம் போட்ட நிலம் மழையை உள்ளே விடாது. மழை பெய்த சில மணி நேரத்தில் கலங்கலாக வெள்ளம் வந்து, கரையை அரித்துவிட்டு வடிந்துவிடும். போர்வெல்லின் பாதிப்பு வெள்ளத்தில் தெரியாது. மழையில்லாத நாட்களில் ஊறி வரும் தெளிந்த நீர்தான் குறையும். வெள்ளம் முன்பைவிட வேகமாகவும் உயரமாகவும் வந்தால் மனைப்பிரிவுக்குப் பங்கு உண்டு. வெள்ளம் பழையபடியே இருந்து, கோடை ஓட்டம் மட்டும் படுத்துவிட்டால் பம்புகளைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும் என்பதால் வாய்ச்சண்டையைவிட அளவெடுப்பது மேல்.

தகரத்திலோ கனமான பலகையிலோ 90 பாகை ‘வி’ வெட்டு வெட்டி, ஓடைக்குக் குறுக்கே நிறுத்துங்கள். அடியையும் பக்கங்களையும் களிமண்ணால் அடைக்க வேண்டும். கசிந்தால் கணக்கு பொய்த்துவிடும். வெட்டைத் தாண்டிய நீர் தடையில்லாமல் கீழே விழ வேண்டும். வெட்டின் கூர்முனைக்கு மேல் 5 செ.மீ. நீர் நின்றால் ஓட்டம் விநாடிக்கு சுமார் 0.8 லிட்டர், 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர், 15 செ.மீ. என்றால் 12 லிட்டர். உயரத்தை வெட்டின் வாயிலேயே அளக்காதீர்கள், அங்கே நீர் தாழ்ந்துவிடும். நீரின் உயரத்தைப்போல் நான்கு மடங்கு தூரம் பின்னால் போய் அளக்க வேண்டும்.

கூடவே ஒரு போர்வெல் கிணற்றின் நீர்மட்டத்தையும் வாராவாரம் குறியுங்கள். பம்பை நிறுத்திப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, கேசிங் குழாயின் விளிம்பில் போட்ட ஒரே குறியிலிருந்து அளக்க வேண்டும். பம்பு ஓடும்போது எடுத்த அளவு அந்தப் பம்பைப் பற்றித்தான் சொல்லும்.

கேள்வி: எங்கள் போர்வெல் ஓடையிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆழமும் அதிகம். ஓடை நீரை நாங்கள் எடுப்பதாகச் சொல்வது நியாயமா?

பதில்: நியாயம்தான். போர்வெல் முதலில் மண்ணிலும் பாறை வெடிப்பிலும் சேர்ந்திருக்கும் நீரை எடுக்கும். போகப்போக, ஓடைக்கு ஊறிப் போக வேண்டியதை மறிக்கும். இதை 1940இலேயே அமெரிக்க நிலத்தடி நீர் ஆய்வாளர் சார்லஸ் தைஸ் விளக்கிவிட்டார். தூரமும் நடுவில் இருக்கும் களிமண் அடுக்கும் பாதிப்பைத் தாமதப்படுத்தும், இல்லாமல் ஆக்காது. தாமதம் மாதக்கணக்கிலும் இருக்கலாம், ஆண்டுக்கணக்கிலும் இருக்கலாம். பம்பை நிறுத்திய பிறகும் ஓடை கொஞ்ச காலம் குறைந்துகொண்டே போவது இதனால்தான். விநாடிக்கு 5 லிட்டர் இறைக்கும் பம்பு ஆறு மணி நேரம் ஓடினால் 1,08,000 லிட்டர். முன் சொன்ன 10 செ.மீ. ஓட்டம் நாளொன்றுக்கு 3.8 லட்சம் லிட்டர்தான். இப்படி நான்கு பம்புகள் தினமும் ஓடினால், போகப்போக அந்த ஓட்டம் முழுவதையும் விழுங்கிவிடப் போதும்.

கேள்வி: மேட்டில் மனைப்பிரிவு போடுபவர், ஹெக்டேருக்குப் பத்து உறிஞ்சு குழிகள் தோண்டி மழைநீரை முழுவதும் இறக்கிவிடுவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேரில் 50 மி.மீ. மழை என்பது 5 லட்சம் லிட்டர். புல்லும் புதருமாக இருந்தபோது ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1 லட்சம் லிட்டர் வழிந்தோடியது என்று கொள்வோம். கூரையும் சாலையும் வந்தபின் பத்தில் ஏழு பங்கு வழிந்தால் 3.5 லட்சம். கூடுதலான 2.5 லட்சம் லிட்டருக்கு அவர் இடம் காட்ட வேண்டும். இரண்டு மீட்டர் நீள, அகல, ஆழமுள்ள குழியில் கல் நிரப்பினால் இடுக்குகளில் நிற்பது சுமார் 3,200 லிட்டர். பத்துக் குழிக்கு 32,000. மீதி எங்கே?

அடுத்த கேள்வி, குழி எப்போது காலியாகும்? மண் மணிக்கு 10 மி.மீ. உறிஞ்சினால் அடிப்பரப்பு வழியே இறங்குவது 40 லிட்டர். அந்த வேகத்தில் ஒரு குழி வடிய 80 மணி நேரம் ஆகும். பக்கச் சுவர்கள் கொஞ்சம் உதவும். மறுநாளே அடுத்த மழை வந்தால் குழி நிரம்பியே இருக்கும். ஆகவே குழியாழத்தில் உறிஞ்சும் சோதனை நடத்திய அறிக்கையைக் கேளுங்கள். புல்டோசர் ஓடி இறுகிய மண் முன்பு போல் உறிஞ்சாது. நீர் நன்றாக இறங்கும் இடங்களை வேலை தொடங்கும் முன்பே வேலி போட்டு ஒதுக்குவது, பின்னால் குழி தோண்டுவதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

கேள்வி: வற்றிப்போன போர்வெல்லில் சாலை நீரைத் திருப்பிவிடலாமா?

பதில்: வேண்டாம். எண்ணெய், டயர்த் துகள், சாக்கடை எல்லாம் மண்ணின் வடிகட்டலே இல்லாமல் நேராக நிலத்தடி நீரில் சேரும். கூரை நீராக இருந்தாலும் முதல் மழையை வெளியே விட்டு, மீதியை வண்டல் தொட்டி, மேலே பெருமணல், நடுவே ஜல்லி, அடியில் பெருங்கல் என்ற வரிசையில் வடிகட்டியே விட வேண்டும். மேல் மணலைத்தான் வண்டல் அடைக்கும். ஆண்டுதோறும் மழைக்கு முன் அதைச் சுரண்டி மாற்றாவிட்டால் குழி இருந்தும் பயனில்லை.

கேள்வி: ஓடையில் கட்டிய கல் தடுப்புகள் ஒவ்வொரு மழைக்கும் பக்கவாட்டில் அறுத்துக்கொண்டு போகின்றன.

பதில்: நடுப்பகுதியைத் தாழ்த்தி, இரு பக்கங்களையும் உயர்த்திக் கரைக்குள் நன்றாகப் புதையுங்கள். நீர் விழும் இடத்தில் கல் பரப்ப வேண்டும். கீழ்த் தடுப்பில் தாழ்த்திய நடுப்பகுதியின் மேல்விளிம்பு, மேல் தடுப்பின் அடிமட்டத்தோடு ஒத்து வரும்படி இடைவெளி விட்டால் போதும்.