எவரையும் கேட்காமல் வாழ்வதா சுயசார்பு?

தம்பி, வெளிநாடு கிளம்பும் முன் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். வாடகை வீடு, ஓட்டுநர் உரிமம், பணம் அனுப்பும் வழி ஆகிய மூன்றும் நாட்டுக்கு நாடு மாறும். இறங்கிய ஊரிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். நான்காவதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. முதல் வருடம் எவர் உதவியும் நாடாமல், தினசரித் திட்டம் போட்டு உங்களை நீங்களே குறையில்லாமல் செதுக்கிக்கொள்ளப் போகிறீர்கள்; மொழி சுத்தமாக வந்த பிறகே ஆட்களோடு பழகுவீர்கள்; சரிதானே என்கிறீர்கள். சரியில்லை.

நான் வந்த புதிதில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டவர் இதே விரதம் பூண்டவர். இலக்கணத்தைக் கரைத்துக் குடித்திருந்தார். ஆனால் பிழை வந்துவிடுமோ என்று கடையில்கூட விரலைத்தான் நீட்டுவார். வேலை ஒப்பந்தத்தில் புரியாத பக்கங்களை யாரிடமாவது காட்டுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கௌரவக் குறைச்சலாம், கையெழுத்துப் போட்டுவிட்டார். இடையில் விலகினால் பயிற்சிச் செலவு முழுவதையும் திருப்பித் தர வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. பிடிக்காத வேலையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். நானோ வெட்கங்கெட்டவன். தபால்காரர், பஸ் ஓட்டுநர், வங்கியில் வரிசையில் நிற்பவர் என்று எவரையும் விட்டுவைத்ததில்லை. என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே திருத்தியும் விடுவார்கள். காசு கொடுத்தாலும் அப்படி ஒரு வகுப்பு கிடைக்காது.

தன்னைத்தானே செதுக்கியவர் என்றால் பலருக்கும், அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் நினைவுக்கு வருவார். 1723-இல், 17 வயதில், பாஸ்டனிலிருந்து ஓடிப் பிலடெல்பியாவில் இறங்கியவர். பிற்பாடு 13 நற்குணங்களைப் பட்டியலிட்டு, வாரத்துக்கு ஒன்றாகப் பழகி, தவறும்போதெல்லாம் சிறு குறிப்பேட்டில் கரும்புள்ளி வைத்தார். இந்தக் குறிப்பேட்டைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்; கூட இருந்த நண்பர்களை விட்டுவிடுவார்கள். முதலில் அவர் எழுதியவை 12 குணங்கள்தாம். உனக்குச் செருக்கு அதிகம் என்று ஒரு நண்பர் எடுத்துச் சொன்ன பிறகே பணிவு பட்டியலில் ஏறியது. 1727-இல் நண்பர்களைக் கூட்டி, வெள்ளிக்கிழமை மாலைகளில் விவாதிக்க ஒரு சங்கம் தொடங்கினார். அவருடைய அச்சகம் கடனில் தள்ளாடியபோது பணம் கொடுத்துத் தூக்கி நிறுத்தியவர்கள் அந்தச் சங்கத்து நண்பர்கள் இருவர். இத்தனைக்கும் பிறகு, பொருள்களை ஒழுங்காக வைக்கும் குணம் மட்டும் தமக்குக் கடைசிவரை பிடிபடவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். நீங்கள் ஒரே வருடத்தில் குறையே இல்லாதவராகிவிடப் போகிறீர்கள்!

சொந்தக் காலில் நிற்க வேண்டிய இடங்கள் உண்டு, அவற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட்டை முதலாளியிடமோ, வேலை வாங்கித் தந்தவரிடமோ, உறவினரிடமோ கொடுத்து வைக்காதீர்கள். சம்பளம் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கே வரட்டும். விசா முடியும் தேதியை நினைவில் வைத்திருப்பது உங்கள் வேலை. படித்துக் காட்ட எவரையும் கேளுங்கள். கையெழுத்துப் போடும் முடிவை மட்டும் நீங்களே எடுங்கள்.

நம்மவர்கள் கூடும் இடங்களில் இன்னொரு கூட்டத்தையும் சந்திப்பீர்கள். ஒற்றை ஆளாக வந்து நிமிர்ந்தேன் என்று மார் தட்டுவார்கள். விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போன மைத்துனரும், மாதக்கணக்கில் வாடகை வாங்காத நண்பரும் அந்தக் கதையில் தலைகாட்டவே மாட்டார்கள். அதை நம்பித்தான் உங்களைப் போன்ற பிள்ளைகள் திட்டம் போடுகிறார்கள். எனக்கு ஆத்திரமே அதில்தான்.

என் விண்ணப்பக் கடிதங்களைத் திருத்தித் தந்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரு காற்புள்ளியைக்கூட மன்னிக்க மாட்டார். கைம்மாறாக அவருடைய கணினியை நான் பழுது பார்ப்பேன். பெரும்பாலும் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும், அவ்வளவுதான். அதற்காக என் கதவைத் தட்ட அந்த அம்மாள் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை.