சேர்க்கைக் கொள்கையை எதிர்த்து வளாகத்தில் போராட்டம் எழும்போது மாணவர் பேரவை யார் பக்கம் நிற்க வேண்டும்?

வாக்களித்த மாணவர்களில் ஒரு பகுதியினர் வகுப்புகள் நடக்க வேண்டும் என்கிறார்கள், இன்னொரு பகுதியினர் நிர்வாகக் கட்டடத்தின் முன் அமர்ந்திருக்கிறார்கள், இந்நிலையில் பேரவை யாருக்குக் கடமைப்பட்டது, போராட்டத்துடன் நிற்பதா, நிர்வாகத்துடன் பேசுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை பயின்ற காலத்தில் நான் மாணவர் பேரவையில் துறைப் பிரதிநிதியாக இருந்தேன். முனைவர் பட்டச் சேர்க்கை தொடர்பான போராட்டம் ஒன்றை அந்தப் பொறுப்பில் இருந்தபடி எதிர்கொண்டேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்வதானால், பேரவையின் முன் வரும் மற்ற எல்லாப் பிரச்சினைகளிலிருந்தும் சேர்க்கைக் கொள்கை ஒரு விதத்தில் வேறுபட்டது. விடுதிக் கட்டணமோ தேர்வு அட்டவணையோ உயிருடன் எதிரே நிற்கும் மாணவர்களைப் பாதிக்கிறது. சேர்க்கை விதியோ இன்னும் மாணவர்களாகவே ஆகாதவர்களைப் பாதிக்கிறது. அவர்களுக்கு வாக்கில்லை, அடையாள அட்டை இல்லை, பொதுக்குழுவில் எழுந்து பேச உரிமையில்லை. வளாகத்துக்குள் அவர்களுக்காகப் பேசக் கடமைப்பட்ட தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு பேரவை ஒன்றுதான் என்பது என் உறுதியான கருத்து.

இதை விளங்கிக்கொள்ள தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வரும் விண்ணப்பதாரர்களுக்கு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுடன் கூடுதல் மதிப்பெண் சேர்க்கும் முறை, வளாகத்தில் எல்லோரும் 'டெப்ரிவேஷன் பாயிண்ட்' என்று சொல்வது, அங்கு 1970களிலேயே நடைமுறையில் இருந்தது. 1983-இல் நடந்த போராட்டம் சேர்க்கையைப் பற்றியதே அன்று. ஆனால் துணைவேந்தர் முற்றுகையிடப்பட்டு, காவல்துறை வளாகத்துக்குள் வந்து, மாணவர்கள் பலர் திகார் சிறைக்கு அனுப்பப்பட்ட பிறகு (பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் அவர்களில் ஒருவர்) பல்கலைக்கழகம் மூடப்பட்டது, அந்தக் கல்வியாண்டில் புதிய சேர்க்கை நடக்கவில்லை, தொடர்ந்து வந்த மாற்றங்களில் கூடுதல் மதிப்பெண் முறையும் கைவிடப்பட்டது. சிறை சென்றவர்கள் வெளியே வந்து படிப்பைத் தொடர்ந்தார்கள். அந்த ஆண்டு விண்ணப்பிக்கக் காத்திருந்த பீகாரின் அல்லது ஒடிசாவின் ஒரு சிற்றூர் மாணவருக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கேட்க எவரும் இருக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில்தான், மாணவர் சங்கம் அதைத் தன் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்றாக்கித் தொடர்ந்து போராடிய பின்னர், அந்த முறை திரும்ப வந்தது. கையைவிட்டுப் போன ஒரு சேர்க்கை விதியை மீட்க ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆயின. இன்றைய பேரவை உறுப்பினர்கள் இந்தக் கால அளவை மனத்தில் வைக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன், ஏனெனில் பேரவையின் பதவிக்காலம் ஓராண்டுதான்.

அண்மைக்கால நிகழ்வுகள் இன்னும் தெளிவானவை. 2016-ஆம் ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட ஆய்வுப் படிப்பு விதிமுறைகள் ஒரு பேராசிரியர் எட்டு முனைவர் பட்ட மாணவர்களுக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் மேல் வழிகாட்டக் கூடாது என்று வரம்பிட்டன. நுழைவுத் தேர்வைத் தகுதித் தேர்வாக மட்டும் ஆக்கி, தேர்ச்சிக்கு 50 விழுக்காடு மதிப்பெண் கேட்டு, அதன்பின் நேர்முகத் தேர்வின் அடிப்படையில் தேர்ந்தெடுக்கும்படி செய்தன. எழுத்துத் தேர்வில் நன்றாக எழுதிய ஒடுக்கப்பட்ட பிரிவு மாணவர்கள் வாய்மொழித் தேர்வில், அதாவது நேர்முகத்தில், குறைந்த மதிப்பெண் பெறும் போக்கு ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் உள் குழுக்களாலேயே ஆராயப்பட்டிருந்தது. அப்துல் நஃபே தலைமையிலான குழு வாய்மொழித் தேர்வுக்கான மதிப்பெண்ணை 30-இலிருந்து 15-ஆகக் குறைக்கப் பரிந்துரைத்திருந்தது. அந்தப் பரிந்துரைக்கு நேர் எதிரான திசையில் புதிய விதி வந்தபோதுதான் போராட்டம் எழுந்தது. 2017-இல் நிர்வாகக் கட்டடம் முற்றுகையிடப்பட்டது. விவகாரம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் அக்கட்டடத்திலிருந்து 100 மீட்டருக்குள் போராடத் தடையும் வந்தது. விதிமுறைகளை எதிர்த்த மனுவை 2017 மார்ச்சில் ஒரு நீதிபதி தள்ளுபடி செய்தார். ஆனால் 2018-இல், நேர்முகத் தேர்வை மட்டுமே கொண்டு தேர்ந்தெடுப்பதும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வின்றி 50 விழுக்காடு கேட்பதும் செல்லாது என்று இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. மானியக் குழுவும் அதே ஆண்டில் எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று விதியைத் திருத்தியது.

இந்த வரிசையில் நான் காண்பது, முற்றுகை பிரச்சினையை நாட்டின் கவனத்துக்குக் கொண்டுவந்தது, எண்களும் அறிக்கைகளும் அதை வென்று கொடுத்தன என்பதாகும். ஆகவே 'போராட்டத்துடன் நிற்பதா, நிர்வாகத்துடன் பேசுவதா' என்ற உங்கள் கேள்வியை நான் அப்படியே ஏற்க மாட்டேன். கோரிக்கை நியாயமானது என்று பேரவை கருதினால் அதைத் தாமதமின்றி எழுத்தில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு பேச்சுவார்த்தைக்குப் போவதில் எந்தத் துரோகமும் இல்லை.

ஆனால் பேரவையின் சட்ட நிலையைத் தெரிந்துகொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். ஜவகர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர் சங்கம் தனக்கென அமைப்புவிதி எழுதிக்கொண்டு, தன் தேர்தலை மாணவர்களே நடத்தும் மரபுடையது. 2009-ஆம் ஆண்டின் மத்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அமைந்த பல்கலைக்கழகங்களில் சட்டம் சொல்லும் மாணவர் பேரவை வேறு மாதிரியானது: மாணவர் நலப் புலத்தலைவர் அதற்குத் தலைவர், உறுப்பினர்களில் இருபது பேர் கல்விக்குழுவால் நியமிக்கப்படுகிறவர்கள், இருபது பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள், அது பரிந்துரைகளை மட்டுமே, அவற்றையும் ஒருமித்த கருத்தின் அடிப்படையில் மட்டுமே, வழங்க முடியும். இத்தகைய அமைப்பு போராட்டக் காலத்தில் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றும் என்று எதிர்பார்ப்பது வீண். அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் தனியாகக் கூடி, தங்கள் பெயரில், தங்கள் துறை மாணவர்களின் கூட்டத்தில் ஒப்புதல் பெற்றுப் பேச வேண்டும்.

எங்கள் வளாகத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த ஆண்டு சில துறைகளில் முனைவர் பட்ட இடங்கள் அறிவிக்கப்படவே இல்லை. அறிவிக்கப்பட்ட துறைகளிலும் ஒதுக்கீட்டு இடங்கள் 'தகுதியானவர் இல்லை' என்ற காரணத்துடன் காலியாக விடப்பட்டிருந்தன. ஓர் அமைப்பைச் சேர்ந்த மாணவர்கள் தர்ணாவில் அமர்ந்தார்கள். பேரவையின் முதல் கூட்டம் முழுவதும், போராட்டத்தின் பெயர் எந்த அமைப்புக்குப் போகும் என்ற விவாதத்திலேயே கழிந்தது; அதை இன்று நினைத்தாலும் எனக்கு வருத்தம்தான். பேச்சை மாற்றியவை தொலைபேசி அழைப்புகள். பேரவை உறுப்பினர்களின் எண்கள் சேர்க்கை வழிகாட்டலுக்காக ஏற்கெனவே விண்ணப்பதாரர்களிடம் இருந்தன. நேர்முகத் தேர்வு நடக்குமா, ரயில் டிக்கெட்டை ரத்து செய்யலாமா, கட்டணம் திரும்ப வருமா, சாதிச் சான்றிதழின் கெடு நீட்டிக்கப்படுமா என்று நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு மாணவியின் தந்தை, போராட்டம் நியாயமா இல்லையா என்பதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, "எங்க பொண்ணு வந்தா உள்ள விடுவாங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பின் நாங்கள் செய்தவற்றில் இரண்டு பயன்பட்டன. முந்தைய ஆண்டுகளின் சேர்க்கைக் கையேடுகளை எடுத்து, துறை வாரியாக அறிவிக்கப்பட்ட இடங்களையும் நிரப்பப்பட்ட இடங்களையும் ஒரு பட்டியலாக்கினோம். கிடைக்காத விவரங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டோம். அந்தப் பட்டியல் வெளியான பிறகு, வகுப்பு நடக்க வேண்டும் என்று கோபப்பட்டவர்களில் பலரும் தங்கள் துறையின் வரிசையைத் தேடிப் படித்தார்கள். பொதுக்குழுவில் பேச்சின் தொனியே மாறியது. இரண்டாவதாக, நேர்முகத் தேர்வுக்கு வருபவர்களை எவரும் தடுக்க மாட்டார்கள், அவர்களுக்குத் தங்குமிடமும் வழிகாட்டலும் பேரவை தரும் என்று போராடியவர்களுடன் பேசி எழுத்தில் ஒப்புக்கொள்ள வைத்தோம். இதில் போராட்டத்தின் வலிமை குறையும் என்று சிலர் வாதிட்டார்கள். அவர்கள் வாதத்தை நான் மதிக்கிறேன். எனினும் யாருக்காகப் போராடுகிறோமோ அவர்களை வாசலில் நிறுத்திவைக்கும் போராட்டத்தை எப்படி நியாயப்படுத்துவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

விண்ணப்பதாரர்கள் எல்லோரும் ஒரே பக்கம் இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. நேர்முகத் தேர்வின் பங்கு குறைந்தால் சிலருக்கு நன்மை, சிலருக்கு இழப்பு. பேரவை இதை ஒப்புக்கொண்டே தன் நிலைப்பாட்டை எடுக்க வேண்டும்.

பேச்சுவார்த்தைக்குப் போகும்போது, கேட்கப்படும் மாற்றம் யாருடைய அதிகாரத்தில் இருக்கிறது என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மானியக் குழுவின் விதியைத் துணைவேந்தரால் ரத்து செய்ய முடியாது. ஆனால் எத்தனை இடங்களை அறிவிப்பது, நேர்முகக் குழுவில் யார் இருப்பது, மதிப்பெண்களைத் தனித்தனியாக வெளியிடுவது, காலி இடங்களுக்கு இரண்டாம் சுற்று நடத்துவது ஆகியவை பெரும்பாலும் வளாகத்துக்குள்ளேயே முடிவு செய்யக்கூடியவை. இவற்றுக்குப் பதிவாளரின் கையொப்பத்துடன் தேதியிட்ட பதில் வாங்குங்கள். ஒழுங்கு நடவடிக்கை கூடாது என்ற நிபந்தனையையும் அதே கடிதத்தில் சேருங்கள். தனியாகப் பிறகு பேசலாம் என்று விட்டால், முன்வரிசையில் அமர்ந்த மாணவர்கள் அடுத்த பருவத்தில் தனித்தனியாக விசாரணைக்கு அழைக்கப்படுவார்கள். நடப்பு ஆண்டில் விண்ணப்பித்தவர்களுக்கு என்ன நிவாரணம் என்பதும் அதில் இருக்க வேண்டும்: கட்டணம் திரும்பத் தருவதா, மறு நேர்முகமா, அடுத்த ஆண்டுக்குத் தேர்வு மதிப்பெண் செல்லுபடியாகுமா என்பதை வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். 2018-இல் வந்த தீர்ப்பு, 2017-இல் இடம் கிடைக்காமல் திரும்பியவர்களின் ஓராண்டைத் திருப்பித் தரவில்லை.