பழைய கணினி, கலங்கும் திரை: கேள்வி பதில்

பழைய மேசைக் கணினிகளின் திரைக் கோளாறுகள் குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மானிட்டர், கிராபிக்ஸ் கார்டு, மதர்போர்டு, கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி ஆகியவை என் வேலை. மடிக்கணினி, கைப்பேசித் திரைகளுக்கு அந்த வேலை தெரிந்தவரைக் கேளுங்கள். எதைச் செய்வதற்கு முன்பும் உங்கள் கோப்புகளைப் படியெடுத்து வேறோர் இடத்தில் வைத்துவிடுங்கள்.

தஞ்சாவூர், டி.டி.பி. நிலையம் நடத்துபவர்: சார், பத்து வருடக் கணினி. திரையில் பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் வந்து வந்து போகின்றன. காலையில் நன்றாக இருக்கிறது, மதியத்துக்கு மேல்தான் தொல்லை. கடையில் மதர்போர்டு போய்விட்டது என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பொறுங்கள். கோளாறு எங்கே பிறக்கிறது என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது. நான்கு சோதனைகளை நீங்களே செய்யலாம், ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

கோடுகள் தெரியும்போது மானிட்டரின் பொத்தானை அழுத்தி அதன் மெனுவைத் திரையில் கொண்டுவாருங்கள். அந்த மெனுவை உருவாக்குவது மானிட்டரே, கணினிக்கு அதில் பங்கில்லை. மெனுவையும் கோடுகள் அறுத்துக்கொண்டு போனால் குற்றம் மானிட்டரில். மெனு பளிச்சென்று இருந்து, பின்னால் உள்ள படம் மட்டும் சிதறினால் கேபிளையும் பெட்டியையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கணினியைத் தொடங்கும்போது, விண்டோஸ் ஏறும் முன்பே வரும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் நுழைந்து அப்படியே அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். அங்கேயும் கோடு வந்தால் விண்டோஸுக்கும், கிராபிக்ஸை அதில் இயக்கும் மென்பொருளான டிரைவருக்கும் இதில் சம்பந்தமில்லை.

மூன்றாவது, கோளாறு தெரியும் நேரத்தில் பிரிண்ட் ஸ்கிரீன் விசையால் திரையைப் படமாகச் சேமித்து வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். சேமித்த படத்திலும் புள்ளிகள் இருந்தால் டிரைவரோ கிராபிக்ஸ் நினைவகமோ கெட்டிருக்கிறது. படம் சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் அதற்கு அப்பால், அதாவது கார்டின் வெளியீட்டுப் பகுதியிலோ கேபிளிலோ மானிட்டரிலோ தேட வேண்டும். நான்காவது, கேபிளை மாற்றிப் பாருங்கள். பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள், முதல் நாளே செய்திருக்கலாம்.

மதியத்துக்கு மேல் வருகிறது என்று சொன்னது மிகவும் பயனுள்ள தகவல். சூடேறினால் தலைகாட்டும் கோளாறு இது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, கார்டின் விசிறி சுற்றுகிறதா, அலுமினியத் துடுப்புகளுக்கு இடையே தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பத்து வருடத்தில் சிப்புக்கும் துடுப்புக்கும் நடுவில் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். அதைத் துடைத்துப் புதிதாக வைத்தாலே உயிர்பெற்ற கணினிகள் நிறைய.

தனி கார்டு இல்லாமல் மதர்போர்டிலேயே கிராபிக்ஸ் இருந்தால் அது ரேமின் ஒரு பகுதியைத்தான் படத்துக்குப் பயன்படுத்தும். ரேம் கெட்டாலும் திரையில் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு ரேம் பலகையாகப் போட்டுப் பாருங்கள், பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஓடவிடுங்கள். அதற்குப் பிறகும் தீரவில்லையென்றால் மதர்போர்டைப் பற்றிப் பேசலாம்.

நாகர்கோவில், ஆசிரியை: ஐயா, திடீரென்று திரை முழுவதும் மஞ்சளாகிவிடுகிறது. கேபிளை அசைத்தால் சரியாகிறது.

அம்மா, நீங்களே பாதி கண்டுபிடித்துவிட்டீர்கள். நீல முனையுள்ள வி.ஜி.ஏ. கேபிளில் 15 பின்களுக்கு இடம் உண்டு. 1 சிவப்பு, 2 பச்சை, 3 நீலம். நீலம் அறுந்தால் சிவப்பும் பச்சையும் கலந்து மஞ்சள் தெரியும். சிவப்பு அறுந்தால் திரை வெளிர்நீலப் பச்சையாகும், பச்சை அறுந்தால் கத்தரிப்பூ நிறம். உங்களுடையது மூன்றாவது பின். வளைந்திருந்தால் மெல்லிய இடுக்கியால் நிமிர்த்துங்கள், இல்லையென்றால் புதுக் கேபிள் வாங்குங்கள். 9ஆவது பின் இல்லாமலே பல கேபிள்கள் வருகின்றன. அது உடைந்ததன்று, பதற வேண்டாம்.

திருவண்ணாமலை, பலசரக்குக் கடைக்காரர்: மானிட்டரைப் போட்டால் இரண்டு நொடி படம் வருகிறது, உடனே கறுத்துவிடுகிறது. விளக்கு மட்டும் எரிகிறது.

அறையை இருட்டாக்கி, கறுத்த திரையில் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் திரை உயிரோடு இருக்கிறது, பின்னொளிதான் அணைந்துவிட்டது. பழைய எல்.சி.டி. மானிட்டர்களில் மெல்லிய குழல் விளக்குகள் இருக்கும். அவற்றை ஏற்றும் இன்வெர்ட்டர் (மானிட்டருக்குள் இருக்கும் சிறு மின்சுற்று) ஒரு குழல் கெட்டாலும் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். அதுதான் அந்த இரண்டு நொடி. அல்லது மானிட்டரின் உள்ளே மின்பலகையில், மின்சாரத்தைத் தேக்கும் சிறு உருளைகளான கெப்பாசிட்டர்கள் உப்பியிருக்கும். 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் செய்த ஏராளமான கெப்பாசிட்டர்கள் உள்ளே இருந்த மின்பகு திரவத்தின் குறையால் உலகெங்கும் உப்பி வெடித்தன. தலை தட்டையாக இருக்க வேண்டும், குவிந்திருந்தால் மாற்ற வேண்டும். அதே மைக்ரோஃபாரட், அதே அளவு அல்லது சற்றுக் கூடுதலான வோல்ட், 105 டிகிரி வகை என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

நீங்களே திறக்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே டி.சி.யாக மாற்றப்பட்டு ஏறத்தாழ 325 வோல்ட்டாகப் பெரிய கெப்பாசிட்டரில் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கே இருக்கும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்கும் இதே எச்சரிக்கை.

விருதுநகர்: விண்டோஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவினால் கோடு போகுமா?

பயாஸ் திரையில் கோடு வருகிறதா என்று முதலில் பாருங்கள். வந்தால் போகாது.

புதுச்சேரி, கல்லூரி மாணவர்: அண்ணா, வீடியோ பார்க்கும்போது திரை ஒரு கணம் கறுத்து, டிரைவர் நின்றுவிட்டு மீண்டது என்று செய்தி வருகிறது. ஜி41 மதர்போர்டு, விண்டோஸ் 10.

தம்பி, விஸ்டா முதல் விண்டோஸில் ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது. கிராபிக்ஸ் சிப் இரண்டு நொடிக்குள் பதில் தராவிட்டால் டிரைவரை அதுவே நிறுத்தித் திரும்ப எழுப்பும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் (ஈவென்ட் வியூவர்) 4101 என்ற எண்ணைத் தேடுங்கள். அந்த இரண்டு நொடியை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் பத்தாக்கச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் கிடக்கின்றன. அப்படிச் செய்தால் திரை உறையும் நேரம் நீளும், நோய் அப்படியே இருக்கும். உங்கள் ஜி41இல் உள்ள கிராபிக்ஸ் விண்டோஸ் 10 வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பிறந்தது. பழைய டிரைவரைக் கொண்டே அது ஓடிக்கொண்டிருக்கிறது. உலாவியின் அமைப்பில் வன்பொருள் முடுக்கத்தை (ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன்) அணைத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். படம் கறுத்தபடியே நின்றுவிட்டால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள், டிரைவர் மட்டும் மறுதொடக்கமாகும்.

கோயம்புத்தூர், பொறியியல் மாணவர்: என் கிராபிக்ஸ் கார்டில் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. இணையத்தில் பார்த்தபடி கார்டை ஓவனில் 200 டிகிரியில் வைத்து எடுத்தேன். இப்போது ஓடுகிறது. உடைந்த ஈயம் உருகி ஒட்டிக்கொண்டது. இதை எல்லோருக்கும் சொல்லலாமே?

சொல்லக் கூடாது. காரணங்களைக் கேளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈயத் தடை 2006 ஜூலை 1 அன்று அமலுக்கு வந்தது. உலகச் சந்தைக்குச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் ஈயமில்லாப் பற்றாசுக்கு (சால்டர்) மாறினார்கள். பழைய ஈயப் பற்றாசு 183 டிகிரியில் உருகும், ஈயமில்லாதது ஏறத்தாழ 217 டிகிரியில்தான் உருகும். உங்கள் ஓவன் 200இல் இருந்தது என்றால் எதுவும் உருகவில்லை. பிறகு எப்படி ஓடுகிறது? சிப் இரண்டு அடுக்குகளாக உட்கார்ந்திருக்கிறது. மேலே சிலிக்கான் துண்டு, மிக நுண்ணிய மேடுகளால் ஒரு சிறு பலகையோடு இணைந்திருக்கும். அந்தச் சிறு பலகை அதன் அடியிலுள்ள பற்றாசு உருண்டைகளால் கார்டோடு இணைந்திருக்கும். விரிசல் பெரும்பாலும் மேல் அடுக்கின் மேடுகளில்தான். சூட்டில் பொருள்கள் விரிந்து, விரிசலின் இரு முகங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன. அவ்வளவுதான் நடந்தது. சில வாரங்கள் ஏறி இறங்கும் சூட்டில் மறுபடி விலகும்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனமே, மடிக்கணினிகளில் போன சில சிப்புகளின் பொதிவுப் பொருள் பலவீனமானது என்று ஒப்புக்கொண்டு, அதற்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது.

இன்னொன்று. கார்டில் உள்ள கெப்பாசிட்டர்கள் 85, 105 டிகிரிக்குச் செய்யப்பட்டவை. அவற்றை 200இல் வேகவைத்திருக்கிறீர்கள். பிளாஸ்டிக்கும், பற்றவைக்கத் தடவும் ஃபிளக்ஸும் புகைந்த அந்த ஓவனில் இனிமேல் வீட்டில் யாரும் உணவு சமைக்கக் கூடாது. அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

ஈரோடு, பழுதுபார்ப்பவர்: அண்ணா, நீங்கள் சொல்வது ஓவனுக்குச் சரி. நாங்கள் முறையான இயந்திரத்தில் உருண்டைகளை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கிறோம். ரீபால்லிங் செய்த கார்டுகள் இரண்டு வருடம் ஓடுகின்றன. எல்லாவற்றையும் ஏமாற்று என்று சொல்லிவிடாதீர்கள்.

ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. கார்டு வளைந்தோ விழுந்தோ, அடியிலுள்ள உருண்டையில் விரிசல் விட்டிருந்தால் ரீபால்லிங் உண்மையான மருந்து. உங்களைப் போல அடியிலிருந்தும் சூடேற்றி, வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றி இறக்குகிறவர் செய்தால் அது நிற்கும். மேல் அடுக்கு மேடுகளை உலகில் எந்தக் கடையும் மாற்றித் தர முடியாது. அவற்றைச் சுற்றிப் பிசின் நிரப்பி மூடியிருக்கிறது. அந்தக் கார்டுக்கும் ரீபால்லிங் என்று பணம் வாங்குகிறவர்களைத்தான் எதிர்க்கிறேன். நீங்கள் வேலை தொடங்கும் முன் எந்த அடுக்கு என்று பிரித்துச் சொல்கிறீர்களா?

ஈரோடு: முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது, அண்ணா. 150 டிகிரிக்கு மெல்லச் சூடேற்றிப் பார்ப்போம். அதிலேயே உயிர் வந்தால் உருண்டையில் குறை இல்லை, சிப்பின் உள்ளே என்று திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

இதைத்தான் எல்லோரும் செய்ய வேண்டும். திருப்பிக் கொடுக்கும் கடை நல்ல கடை. படிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: ரீபால்லிங் செய்யக் கொடுத்தால் மூன்று மாத உத்தரவாதம் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். வெறும் ஹீட் கன்னால் சூடு காட்டிவிட்டுத் தருகிறவர் எழுதித் தரத் தயங்குவார்.

கோயம்புத்தூர்: ஆனால் என் கார்டு இப்போது ஓடுகிறதே, சார்?

ஓடட்டும், தம்பி. ஓடும்போதே புராஜெக்ட் கோப்புகளை எடுத்து வையுங்கள்.

சேலம்: திரையில் கோடுகள் வருகின்றன. என்ன செய்வது?

தஞ்சாவூர்க்காரருக்குச் சொன்ன நான்கு சோதனைகள்.

கரூர்: எனக்கும் கோடு. விண்டோஸ் மறுபடி போட்டுவிட்டேன், போகவில்லை.

விருதுநகருக்குச் சொன்னதைப் படித்திருந்தால் அந்த அரை நாள் மிச்சமாகியிருக்கும். கோப்புகளைப் படியெடுத்த பிறகுதானே அழித்தீர்கள்?

திருச்சி, வீட்டிலிருந்து தையல் தொழில் செய்பவர்: திரையில் அகலமான மங்கல் பட்டை ஒன்று கீழிருந்து மேலே மெதுவாக நகர்கிறது. பெட்டியைத் தொட்டால் சுர்ரென்கிறது.

அம்மா, கணினியை இப்போதே நிறுத்துங்கள். உங்கள் பிளக்கின் தடித்த மூன்றாவது பின் எர்த். அது உடைந்திருக்கும், அல்லது இரண்டு பின் மாற்றியில் செருகியிருப்பீர்கள், அல்லது சுவரில் எர்த் கம்பியே இழுத்திருக்க மாட்டார்கள். எர்த் இல்லாத எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டி, மின்வழங்கலின் பாதி வோல்ட் அளவுக்குப் பெட்டியை மிதக்கவிடும். அதுதான் சுர்ரென்பது. அந்த மிதப்பு கேபிள் வழியே மானிட்டருக்குப் போய் 50 ஹெர்ட்ஸ் மின் அலையாகப் படத்தில் கலந்தால் நகரும் பட்டை தெரியும். மின்பணியாளரை அழைத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், கணினியையும் மானிட்டரையும் ஒரே பலகையில் செருகுங்கள். தையல் இயந்திரத்தின் மோட்டார் வேறு பிளக்கில் இருக்கட்டும். எர்த் பின்னை உடைத்துச் செருகும் பழக்கம் நம் வீடுகளில் உயிரோடு விளையாடுவது.

மதுரை: கணினியில் தேதி ஒவ்வொரு முறையும் பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறது.

மதர்போர்டில் சி.ஆர்.2032 செல்லை மாற்றுங்கள்.

ஆம்பூர்: கைப்பேசித் திரையில் பச்சைக் கோடு.

முதலிலேயே எழுதியிருக்கிறேன், என் துறை இல்லை.

காரைக்குடி, கணக்கர்: ஐயா, கட்டம் கட்டமாகப் படம் சிதறுகிறது. சோதனைகளைச் செய்துவிட்டேன். மானிட்டரின் மெனு சுத்தமாக இருக்கிறது, பயாஸில் சிதறல் உண்டு, புதுக் கேபிளிலும் உண்டு. தனி கார்டைக் கழற்றி மதர்போர்டின் சொந்த வெளியீட்டில் இணைத்தால் சுத்தமாக ஓடுகிறது. கணக்கு எழுதுவது மட்டும்தான் வேலை. புதுக் கார்டு எது வாங்கலாம்?

இப்படி எழுதினால் பதில் சொல்வது எவ்வளவு எளிது! கார்டு போய்விட்டது, உங்கள் கணினி நலம். கணக்கு எழுத மதர்போர்டின் கிராபிக்ஸே போதும், எதுவும் வாங்க வேண்டாம். இரண்டாவது மானிட்டர் வேண்டுமென்றால் ஜி.டி. 710 போன்ற சிறிய கார்டு போதும். அது 19 வாட் மட்டுமே இழுக்கும், தனி மின் இணைப்பு கேட்காது, பழைய எஸ்.எம்.பி.எஸ். தாங்கும். அதற்கு முன் பயாஸில் 12 வோல்ட் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். 11.4க்குக் கீழே இருந்தால் முதலில் எஸ்.எம்.பி.எஸ். மாற்ற வேண்டும். கழற்றிய கார்டை ஈரோட்டுக்காரரைப் போல வேலை செய்கிற ஒருவரிடம் காட்டலாம், ரசீதோடு.