நாலு ஆட்டத்தை வைத்து பெங்களூரு எஃப்சியின் சீசனைக் கணிக்க முடியுமா?

கேள்வி: ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து சீசன் தொடங்கி நாலஞ்சு ஆட்டம்தான் ஆகியிருக்கிறது. அதற்குள் ஆபீசில் பாதிப் பேர் "இந்தத் தடவை கப் நமக்குத்தான்" என்கிறார்கள், மீதிப் பேர் "தேறாது" என்கிறார்கள். ஆரம்ப ஆட்டங்களை வைத்து பெங்களூரு எஃப்சியைப் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா? பெங்களூருத் தமிழர்கள் யாராவது இருந்தால், சென்னையோடு ஆடும்போது யார் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பதில்:

பாயின்ட்ஸ் டேபிளைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. மைதானத்தில் நடப்பதைப் பார்த்தால் கொஞ்சம் சொல்லலாம். நான் கவனிப்பது இரண்டுதான். எதிரணி கார்னர் (மைதானத்தின் மூலையிலிருந்து அடிக்கும் உதை) எடுக்கும்போது நம்மாட்கள் எப்படி நிற்கிறார்கள், முன்னிலையில் இருக்கும்போது கடைசி இருபது நிமிடத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள். மற்றதெல்லாம் டிசம்பருக்குள் தலைகீழாகிவிடும். இந்த இரண்டும் லேசில் மாறாது.

டேபிள் ஏன் உதவாது என்பதற்கு 2022-23 சீசனே போதும். அந்த செப்டம்பரில் கொல்கத்தாவில் மும்பை சிட்டியை 2-1 என்று ஜெயித்து டூரண்ட் கோப்பையை வாங்கி வந்திருந்தோம். ராய் கிருஷ்ணா, ஹாவி எர்னாண்டஸ், சந்தேஷ் ஜிங்கன், பிரபீர் தாஸ் என்று ஆள் சேர்த்த விதத்தைப் பார்த்து ஊரே கப்பை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டது. ஐஎஸ்எல் முதல் ஆட்டத்திலும் நார்த் ஈஸ்ட்டை ஜெயித்தாயிற்று. அப்புறம்தான் வினை. முதல் 12 ஆட்டத்தில் 8 தோல்வி. நம் சொந்த மைதானமான கன்டீரவாவில் ஆட்டம் முடிவதற்குள் ஆட்கள் கப்பன் பார்க் மெட்ரோவுக்கு நடையைக் கட்டினார்கள். கோச் சைமன் கிரேசனைத் திட்டாத வாய் கிடையாது.

அதற்குப் பிறகு அதே அணி, அதே கோச், லீக்கின் கடைசி 8 ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்து நாலாவது இடத்துக்கு வந்தது. அரையிறுதியில் மும்பையை பெனால்டியில் 9-8 என்று சாய்த்தது. இறுதியாட்டத்தில் ஏடிகே மோகன் பகானிடம் பெனால்டியில்தான் தோற்றது.

நடுவில் என்ன மாறியது? பல காரணம் சொல்லலாம். என் கண்ணில் பட்டது ஒன்று: காரைக்குடிப் பக்கத்துக் கண்டனூர்ப் பையன் சிவசக்தி நாராயணன் முதல் பதினோரு பேரில் இடம் பிடித்தார், சுனில் சேத்ரி பெஞ்சில் உட்கார்ந்தார். சேத்ரியை பெஞ்சில் வைக்கும் தைரியம் எந்த கோச்சுக்கு வரும் என்று பேசிக்கொண்டிருந்த ஊர் இது. சிவசக்தி ஓடிய ஓட்டத்தில் ராய் கிருஷ்ணாவுக்கு இடம் கிடைத்தது, எதிரணி டிஃபென்ஸ் பின்வாங்க வேண்டிவந்தது. அந்த சீசனின் சிறந்த இளம் வீரர் விருதும் அவருக்கே போனது. அக்டோபரில் டேபிளை வைத்துக் கணக்குப் போட்டவர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்? அதனால்தான் ஆரம்பத்தில் தோற்றால் நான் கேட்கும் முதல் கேள்வி, இன்னும் வாய்ப்பே கிடைக்காத எவனாவது பெஞ்சில் இருக்கிறானா என்பது. இருந்தால் பயப்பட வேண்டாம். இல்லையென்றால் கொஞ்சம் பயப்படலாம்.

பயந்தது சரியாய்ப் போன வருடமும் உண்டு. 2023-24 கொச்சியில் கேரளாவிடம் 1-2 தோல்வியோடு ஆரம்பித்தது, அடுத்தது கொல்கத்தாவில் தோல்வி, டிசம்பரில் கோச் போனார், கடைசியில் 12 அணிகளில் பத்தாவது இடம். அதைப் பற்றி அதிகம் பேச எனக்கு விருப்பமில்லை.

2024-25 தான் சுவாரசியம். முதல் ஐந்து ஆட்டத்தில் ஒரு கோல்கூட வாங்கவில்லை. முதல் ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக வினித் வெங்கடேஷ் என்ற அகாடமிப் பையன் கோல் அடித்து ஜெயிக்க வைத்தார். மோகன் பகானை இங்கே 3-0 என்று உதைத்து அனுப்பினோம். அந்த இரவு கஸ்தூர்பா ரோட்டில் ஹாரன் சத்தம் அடங்க நேரமாயிற்று. ஆபீசில் கிரிக்கெட் மட்டுமே தெரிந்தவர்கள்கூட "உங்க டீம் டாப்பாமே" என்று விசாரித்தார்கள்.

ஜனவரியில் முகமதன் ஸ்போர்ட்டிங் இங்கேயே வந்து 1-0 என்று ஜெயித்துவிட்டுப் போனது. அதே மாதம் ஒடிசாவுக்கு எதிராக 2-0 முன்னிலை எடுத்து, 2-3 என்று தோற்றோம். நான் சொல்லும் இரண்டாவது விஷயம் இதுதான். முன்னிலையில் இருக்கும்போது பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும் பழக்கம் நம் அணிக்கு வந்துவிட்டால், அது தோல்வியாகத் தெரிய மாதக்கணக்காகும். ஆரம்பத்தில் ஜெயித்த ஆட்டங்களிலேயே அது ஒளிந்திருக்கும். ஸ்கோர் 1-0, எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறார்கள். ஆனால் எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு நம்மாட்கள் பந்தை எத்தனை தடவை சும்மா தூக்கி அடித்தார்கள், அது எத்தனை தடவை உடனே திரும்பி வந்தது என்று பாருங்கள். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு எதிரணியை ஓடவிடும் அணி தப்பிக்கும். கண்ணை மூடிக்கொண்டு தூரமாக உதைக்கும் அணி ஒருநாள் மாட்டும்.

அந்த சீசன் முடிவைச் சொல்லவில்லையே. லீக்கில் மூன்றாவது இடம், பிளேஆஃபில் மும்பையை 5-0, அரையிறுதியில் கோவா, கடைசியில் கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் எக்ஸ்ட்ரா டைமில் மோகன் பகானிடம் 1-2. செப்டம்பரில் கப் என்றவனும் தோற்றான், ஜனவரியில் தேறாது என்றவனும் தோற்றான்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. 2022-23 முதல் 2024-25 வரை லீக்கில் முதல் ஆறு இடம் பிடித்தாலே பிளேஆஃப். மேலே இருந்த இரண்டு அணி நேராக அரையிறுதிக்குப் போயின, மூன்று முதல் ஆறு வரை வந்தவை தங்களுக்குள் அடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதாவது தொடக்கத்தில் தடுமாறினாலும் கதவு பிப்ரவரி வரை திறந்தே இருந்தது. ரசிகனின் நம்பிக்கைக்கு அந்த விதி பெரிய தீனியாக இருந்தது. கோச்சுகளின் வேலைக்கும்தான்.

இப்போது கார்னர். என் பக்கத்தில் வழக்கமாக ஒரு பெரியவர் உட்காருவார். கௌதம்புரா ஆள், அந்தக் காலத்தில் ஒரு தொழிற்சாலை அணிக்கு டிஃபென்ஸில் ஆடியவர். அல்சூர் பக்கம் போயிருக்கிறவர்களுக்கு கௌதம்புரா தெரிந்திருக்கும். அம்பேத்கர் சிலையோடு பெலே சிலையும் வைத்திருக்கும் தெரு அது. ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன், கௌதம்புரா என்று நம் தமிழ் ஜனங்கள் இருக்கும் பேட்டைகளில்தான் இந்த ஊரின் கால்பந்து வளர்ந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகமும் அப்படியே. இந்தப் பெயர்களையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்களிடம் போய் "நம்ம கிளப் 2013-ல ஆரம்பிச்சது" என்று சொன்னால் ஒரு மாதிரி சிரிப்பார்கள். முதல் சீசனிலேயே, அப்போது நாட்டின் முதன்மை லீக்காக இருந்த ஐ-லீக்கை ஜெயித்த கிளப் என்று சொன்னால் சிரிப்பு கொஞ்சம் குறையும்.

அந்தப் பெரியவர் எதிரணி கார்னர் எடுக்கும்போது பந்தைப் பார்க்கவே மாட்டார். கொடிக்கம்பத்துப் பக்கம் எல்லோர் தலையும் திரும்பியிருக்கும், அவர் தலை மட்டும் கோலின் மறுபக்கம் திரும்பியிருக்கும். உதட்டை அசைத்து ஏதோ எண்ணுவார். ஒரு தடவை கேட்டேன்.

"என்ன மாமா எண்றீங்க?"

"பந்து எங்கேருந்து வரும்னுதான் எல்லாருக்கும் தெரியுமே தம்பி, அத எதுக்குப் பாக்குற? ரெண்டாவது போஸ்ட்ல நம்ம ஆளு நிக்கிறானா, அவன் மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கு, அதப் பாரு."

மூஞ்சி எந்தப் பக்கம் என்பதுதான் விஷயம். பந்தையே பார்த்துக்கொண்டிருக்கும் டிஃபெண்டர் தனக்குப் பின்னால் ஓடி வருபவனைத் தொலைத்துவிடுவான். பாதி உடம்பைத் திருப்பி, கையால் எதிராளியைத் தொட்டுக்கொண்டு, பந்தையும் ஓரக்கண்ணால் பார்ப்பவன் தப்பிப்பான். கோல் விழவில்லை என்றால் இதை யாரும் கவனிப்பதில்லை. நாலு ஆட்டத்தில் இருபது கார்னர் வந்திருக்கும், ஒன்றுகூட உள்ளே போயிருக்காது, டிஃபென்ஸ் பிரமாதம் என்று எழுதுவார்கள். பெரியவர் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டு வேர்க்கடலையை உரிப்பார்.

இதை நான் நம்ப ஆரம்பித்தது 2018 மார்ச் 17-க்குப் பிறகு. சென்னையோடு ஆடும்போது யார் பக்கம் என்ற கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. எங்கள் முதல் ஐஎஸ்எல் சீசன் அது. 40 பாயின்ட்டோடு லீக்கில் முதலிடம், இரண்டாவது வந்த சென்னையின் எஃப்சியைவிட 8 பாயின்ட் அதிகம். (அப்போது முதலிடத்துக்கு ஷீல்டு கிடையாது, ஒரு தட்டுகூடக் கொடுக்கவில்லை. 2019-20 இல்தான் அது வந்தது.) இறுதியாட்டம் எங்கள் கன்டீரவாவில். ஒன்பதாவது நிமிடத்தில் சேத்ரி கோல் அடித்ததும் ரசிகர்கள் கூடும் வெஸ்ட் பிளாக்கில் தெரியாதவர்களெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிறகு மைல்சன் ஆல்வெஸ் என்ற பிரேசில் டிஃபெண்டர் கார்னரில் ஒரு தலையடி, அரைநேரத்துக்கு முன்னால் இன்னொரு கார்னரில் இன்னொரு தலையடி. 3-2 என்று கப் சென்னைக்குப் போனது. அந்த சீசனின் டிசம்பரிலேயே சென்னை இங்கே வந்து 2-1 என்று ஜெயித்திருந்தது. 88-வது நிமிட வெற்றி கோலை அடித்தவர் வியாசர்பாடி தனபால் கணேஷ். தமிழன் அடித்தான் என்று பெருமைப்படுவதா, நம் டீம் தோற்றது என்று நொந்துகொள்வதா என்று தெரியாமல் நின்றது நான் மட்டும் இல்லை.

யார் பக்கம் என்றால், பெங்களூரு பக்கம்தான். இதில் எனக்குக் குழப்பம் கிடையாது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், மைதானத்தில் நீலச் சட்டை. சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன் வருடா வருடம் "நீயெல்லாம் ஒரு தமிழனாடா" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவான். 2018 செப்டம்பரில் அடுத்த சீசனின் முதல் ஆட்டமே அவர்களோடு வந்து, எங்கள் ஃபார்வர்டு மிகு (Miku) அடித்த ஒரே கோலில் நாங்கள் ஜெயித்தபோது மட்டும் அவன் போன் சுவிட்ச் ஆஃப்.

அந்த 2018-19 சீசனில்தான் கப் வந்தது. மும்பையில் கோவாவுக்கு எதிரான இறுதியாட்டம், 117-வது நிமிடம், நம் டிஃபெண்டர் ராகுல் பேகேயின் தலையடி. கார்னரிலிருந்து. முந்தின வருடம் எதனால் இழந்தோமோ அதனாலேயே வாங்கினோம். அப்போதைய கோச் கார்லஸ் குவாத்ராத் அந்த வேலையை ஆரம்பத்திலிருந்தே செய்திருந்தார். முதல் சில ஆட்டங்களிலேயே கார்னருக்கு நம்மாட்கள் நிற்கும் வரிசை மாறியிருந்ததாகப் பெரியவர் இன்றுவரை சொல்வார். அவர் சொன்னால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை.

ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் கேட்கும் இன்னொரு சந்தேகம், "சேத்ரிக்கு வயசாயிடுச்சு". 2024 ஜூனில் இந்திய அணியிலிருந்து ஓய்வு பெற்றபோது இது உச்சத்துக்குப் போனது. அந்த சீசனில் நாற்பது வயதில் 14 கோல், கேரளாவுக்கு எதிராக இங்கே ஹாட்ரிக், மார்ச்சில் இந்திய அணிக்கே திரும்ப அழைத்தார்கள். இதற்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவரை விட்டால் கோல் அடிக்க இந்திய ஆள் யார் என்ற கேள்வி நியாயமானது. ஆரம்ப ஆட்டங்களில் அவர் களத்தில் இல்லாத நிமிடங்களைத் தனியாகக் கவனித்தால் அதற்குப் பதில் கிடைக்கும்.

2025-ல் இதையெல்லாம் பேசவே வழியில்லாமல் இருந்தது. கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல், ஜூலையில் லீக்கையே நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் நம் கிளப் ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அதைப் பார்த்த பிறகு, நாலு ஆட்டத்தில் இரண்டு தோல்வி என்று உட்கார்ந்து புலம்பக் கிடைப்பதே பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

சரி, ஆபீஸ் சண்டைக்கு என்ன செய்வது என்றால், கப் என்பவரையும் தேறாது என்பவரையும் அடுத்த ஹோம் மேட்சுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். டிக்கெட் எடுக்கும்போது கீழ் வரிசை வேண்டாம். கன்டீரவாவில் மைதானத்தைச் சுற்றி ஓட்டப் பாதை இருப்பதால் கீழே உட்கார்ந்தால் ஆட்டம் தூரமாகவும் தட்டையாகவும் தெரியும், கார்னரில் யார் எங்கே நிற்கிறான் என்றே புரியாது. மேல் வரிசையில் எடுங்கள். செப்டம்பர், அக்டோபர் என்றால் ரெயின்கோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், சாயங்கால மழை நிச்சயம்.