நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ள உடம்பிலும் நோய்க்கிருமி எப்படித் தப்பிவிடுகிறது?

“நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக வேலை செய்து, ஒரு நாளும் ஆஸ்பத்திரிப் பக்கம் போகாத ஆட்களைக்கூட பக்டீரியா எப்படி விழுத்துகிறது? உடம்பின் இயற்கைப் பாதுகாப்பு அந்த நேரம் என்ன செய்துகொண்டிருக்கிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் மருத்துவ ஆய்வுகூடம் ஒன்றில் பதினொரு வருடமாக எம்.எல்.ரி.யாக (ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக) வேலை செய்கிறேன். ஆனால் இந்தக் கேள்வி எனக்கு வேலையிடத்தில் வரவில்லை, வீட்டில்தான் வந்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளம் இங்கே ஒருவருக்கும் மறந்திருக்காது. ஐயாவின் வயலில் முழங்காலளவு தண்ணீர். பயிர் அழுகிப் போகாமல் இருக்க வரம்பை வெட்டித் தண்ணீரை இறக்கிவிட என்று நாலைந்து நாள் வெறுங்காலோடு அதற்குள்ளேயே நின்றார். இரண்டு குதிக்காலிலும் பித்தவெடிப்பு, நகம் உள்ளே போகும் ஆழம். டிசம்பர் நடுவில் காய்ச்சல் தொடங்கியது. “மழைக்காய்ச்சல்தான் பிள்ளை, மல்லித்தண்ணி குடிச்சா மாறிடும்” என்றார். மூன்றாம் நாள் கண் இரண்டும் சிவந்து, கெண்டைக்காலைத் தொட விடாமல் முனகினார். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை, ஓட்டோ பிடித்துக் கொண்டுபோனேன். அதே கிழமைகளில் வடமராட்சிப் பக்கம் காய்ச்சலால் அடுத்தடுத்துச் சாவுகள் நடந்தன. எலிக்காய்ச்சல் என்று பிறகு தெரியவந்தது. ஐயாவுக்கும் அதுதான். கடவுள் புண்ணியத்தில் தப்பிவிட்டார்.

ஆனால் பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர் கட்டிலடியில் நின்று, “கல்லு மாதிரி இருந்த மனுசன், உடம்பில எதிர்ப்புச் சக்தி இல்லாமப் போச்சு. வீட்டில சத்தா ஒண்டும் குடுக்கேல்லைப் போல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா அதை நம்பிவிட்டார். இரவு குசினியில் தனியாக இருந்து அழுதார். இப்படி எத்தனை வீட்டில் எத்தனை அம்மாக்கள் அழுதிருப்பார்கள் என்று நினைத்துத்தான் இந்தப் பதிலைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். எதிர்ப்புச் சக்தி என்பதை நாங்கள் பலம் என்று நினைக்கிறோம், தண்டால் எடுத்த ஆளுக்கு அடிபாட்டில் இருக்கிற பலம் போல. தோல், கண்ணீரில் உள்ள லைசோசைம் என்ற நொதியம், இரைப்பை அமிலம், குருதியில் மிதக்கும் நிரப்புப் புரதங்கள், கிருமியை விழுங்கும் தின்குழியங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் பிறப்போடு வருகிற பாதுகாப்பு. இது அடிப்பதற்கு முன் அடையாளம் காணவேண்டும். பக்டீரியாவுக்கு மட்டுமே உரிய சில பொருட்களைப் பிடித்துத்தான் அது அடையாளம் காண்கிறது: வெளிச் சவ்வில் உள்ள கொழுப்புச் சர்க்கரை, நீந்த உதவும் சவுக்குமுளையின் புரதம், கலச்சுவரின் துண்டுகள். வீட்டு நாய்க்கு வருகிற ஆளின் பெயர் தெரியாது, மணந்தான் தெரியும். மணமே இல்லாமல் ஒருவர் படலையைத் திறந்து வந்தால் எவ்வளவு பெரிய நாயாலும் குரைக்க முடியாது. நோயைத் தரும் பக்டீரியாக்கள் காலங்காலமாகப் பழகியிருப்பது இந்த மணத்தை மறைக்கத்தான்.

எல்லாக் கிருமியும் மறைவதில்லை. நேரே நின்று அடிபடுகிறவையும் உண்டு. என் மேசையில் நாளாந்தம் செய்கிற சோதனைகளைக் கவனித்தாலே அது தெரியும். சீழ்க்கட்டு ஒன்றிலிருந்து எடுத்த சீழை வளர்த்து, வந்த பொட்டில் ஒரு துளி ஐதரசன் பரவொட்சைட்டை விட்டால் சோடாப் போத்தல் திறந்தது போல நுரைத்து எழும். அது, சீழ்க்கட்டுத் தரும் ஸ்டபிலோகொக்கசு என்ற பக்டீரியாவின் கற்றலேசு, பரவொட்சைட்டை உடைத்துவிடுகிற நொதியம். தின்குழியம் தான் விழுங்கிய கிருமியைக் கொல்ல விடுகிற நஞ்சுகளில் அதே பரவொட்சைட்டும் ஒன்று. அடுத்ததாக அதே பொட்டைக் கொஞ்சம் எடுத்துக் குருதித் திரவவிழையத்தில் கலந்து 37 பாகையில் வைப்பேன். நாலு மணித்தியாலத்துக்குள் குழாயைச் சரித்தால் திரவம் ஓடாது, ஜெலி போல உறைந்து நிற்கும். உடம்புக்குள்ளும் அது தன்னைச் சுற்றி இப்படித்தான் உறைவுச் சுவர் கட்டுகிறது. கட்டுக்குள்ளே மருந்தும் வெண்கலமும் (வெள்ளைக் குருதிக் கலமும்) இலகுவில் போகாததற்கு அந்தச் சுவரும் ஒரு காரணம். நடுநிலைநாடிகள் என்ற வெண்கலங்கள் சாகும்போது தங்கள் டி.என்.ஏ.யையே வலையாக விரித்துக் கிருமியைச் சிக்கவைக்கும் என்பது 2004இல்தான் தெரியவந்தது. தொண்டைப்புண் தரும் ஸ்ட்ரெப்டொகொக்கசு அந்த வலையை வெட்டுகிற நொதியத்தை வெகு முன்பிருந்தே வைத்திருக்கிறது. அதையும் ஒரு தட்டில் சோதித்துப் பார்க்கலாம். கிருமிக்குப் பெயர் வைக்க நாங்கள் செய்கிற சோதனைகளில் பல, அதன் தந்திரத்தைச் சோதிக்கிற சோதனைகள்தான் என்பது படித்த காலத்தில் எனக்கு ஒருவரும் சொல்லாத விசயம்.

இனி மறைகிறவை. கிளெப்சியெல்லா என்று ஒன்று இருக்கிறது. அதன் சில வகைகளைத் தட்டில் வளர்த்து, கம்பி வளையத்தால் தொட்டு மெல்ல மேலே தூக்கினால் வெண்டிக்காய் வழுவழுப்புப் போல நூலாக இழுபடும். ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் இழுபட்டால் குறித்துவைத்து வைத்தியருக்குச் சொல்லுவோம். அந்தப் பசைதான் அதன் உறை. தின்குழியம் கிருமியைப் பிடிக்க ஒரு பிடி வேண்டும். நிரப்புப் புரதங்கள் கிருமியின் மேல் ஒட்டி அந்தப் பிடியைக் கொடுக்கின்றன. உறை மூடியிருந்தால் ஒட்டுவதும் கடினம், ஒட்டினாலும் கைக்கு எட்டாது. ஓர் உறை எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதை 1928இல் பிரெடெரிக் கிறிபித் சுண்டெலிகளில் காட்டினார். நிமோனியா தரும் நியுமோகொக்கசில் உறையுள்ளது எலியைக் கொன்றது, உறையற்றது கொல்லவில்லை. மற்றபடி இரண்டும் ஒரே இனம். பரம்பரைப் பொருள் டி.என்.ஏ. என்ற 1944ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு அந்தச் சோதனையைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் வந்தது.

உறை விசயத்தில் எனக்கே நேர்ந்த ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துக்கு நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்) பழைய பகையாளி. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், தண்ணீர் எல்லாம் கிணற்றுத் தண்ணீர், மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவுக்குள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் குருதியிலிருந்து கிருமி வளர்ந்தது. இரசாயனச் சோதனைகள் எல்லாம் நெருப்புக்காய்ச்சல் கிருமியான சல்மொனெல்லா டைபியைத்தான் காட்டின. உறுதிப்படுத்த, கண்ணாடித் துண்டில் அதைக் கரைத்து, கிருமியின் மேற்பரப்புப் பொருளைப் பிடித்துத் திரளவைக்கிற ஓ வகை சீரத்தில் ஒரு துளி விட்டேன். தயிர் திரைந்தது போல மணிமணியாகத் திரள வேண்டும். திரளவில்லை. துண்டை இப்படியும் அப்படியும் சரித்துப் பார்த்தேன், பால் போலவே கிடந்தது. இது வேறு கிருமி என்று எழுதப் போனேன். பக்கத்தில் நின்ற மூத்த அக்கா, “அவசரப்படாதை, கரைசலைக் கொதிக்க வைச்சிட்டுத் திருப்பிப் பார்” என்றார். கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மறுபடி ஒரு துளி. கண்ணுக்கு முன்னால் திரண்டது.

அந்தக் கிருமி வீ.ஐ. என்ற சர்க்கரை உறையைப் போர்த்திக்கொண்டிருந்தது. சீரம் தேடிய பொருள் அதற்குக் கீழே இருந்தது. சூட்டில் போர்வை கழன்றதும் வெளியே வந்தது. என் சீரம் ஏமாந்த அதே இடத்தில்தான் உடம்பும் ஏமாறுகிறது. வெளிச்சவ்வின் கொழுப்புச் சர்க்கரையை உணர்ந்து அபாயமணி அடிக்கவேண்டிய உணரிக்கு அது சரியாகத் தெரிவதில்லை. நிரப்புப் புரதமும் சரியாக ஒட்டுவதில்லை. சீழ்க்கட்டு வந்தவரின் வெண்கல எண்ணிக்கை பதினையாயிரத்தைத் தாண்டி ஏறும். நெருப்புக்காய்ச்சல்காரரின் அறிக்கையில் அது சாதாரணமாக, சிலவேளை நாலாயிரத்துக்கும் கீழே இருக்கும். “கவுண்ட் நோமல்தானே, ஏன் இப்பிடிக் காயுது?” என்று அறிக்கையை வாங்க வருகிறவர்கள் கேட்பார்கள். கிருமி இல்லாததால் அப்படி இல்லை. ஒரு மில்லிலீற்றர் குருதியில் ஒன்றோ இரண்டோதான் மிதக்கும். மீதி, அதைக் கொல்லவேண்டிய தின்குழியங்களுக்குள்ளேயே குடியிருக்கும்.

இதுதான் இந்தக் கதையில் என்னை இன்னும் பிரமிக்க வைக்கிற பகுதி. தின்குழியம் கிருமியை ஒரு சிறு பைக்குள் விழுங்கி, அமிலமும் நொதியமும் நிறைந்த இன்னொரு பையை அதனோடு சேர்க்கும். அங்கே கிருமி செரித்துப் போகவேண்டும். சல்மொனெல்லா ஊசி போன்ற ஒரு கருவியால் பையின் சுவரைக் குத்தித் தன் புரதங்களைக் கலத்துக்குள் செலுத்தி, அந்தப் பையையே தனக்கேற்ற வீடாக மாற்றிக்கொள்கிறது. பிறகு பித்தப்பையில், முக்கியமாகப் பித்தக்கல் மேல், படலமாகப் படிந்து வருடக்கணக்கில் இருக்கவும் அதனால் முடியும். நியூயோர்க்கில் சமையல்காரியாக இருந்த மேரி மாலன் தனக்கு ஒரு வருத்தமும் தெரியாமல் மற்றவர்களுக்குக் கொடுத்து, மொத்தம் இருபத்தாறு வருடம் தனிமைப்படுத்தப்பட்டார். அந்தப் பெண்ணைத் திட்டித்தான் பலரும் எழுதுகிறார்கள். நல்ல சுகத்தோடு நடமாடுகிற ஒருவரிடம் உனக்குள் நோய் இருக்கிறது என்றால் அவர் எப்படி நம்புவார்? எனக்கு அவரில் பரிதாபம்தான் வருகிறது.

சயரோகக் கிருமி வேறு வழி: இரண்டு பைகளும் சேர்வதையே தடுத்துவிடும். அதன் மேல் தடித்த மெழுகு. சளியைச் சிவப்புச் சாயத்தில் சூடாக்கி அமிலத்தால் கழுவினால் மற்றதெல்லாம் வெளுத்துவிடும், இது மட்டும் சிவந்த கம்பிகளாக நீலப் பின்னணியில் நிற்கும். எங்கள் சாயமும் அமிலமும் தோற்கிற அந்த மெழுகு, தின்குழியத்தின் ஆயுதங்களுக்கும் தடை. தோலில் சிகரட்டால் சுட்டது போலக் கறுத்த பொருக்கோடு வருகிற உண்ணிக்காய்ச்சலும் இங்கே உண்டு. அந்தக் கிருமி பையைக் கிழித்துக்கொண்டு கலத்தின் நடுவுக்கே வந்துவிடும்.

சரி, ஐயாவிடம் வருகிறேன். எலிக்காய்ச்சலின் லெப்டொஸ்பைரா சுருள்வில் போல, மயிரைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய கிருமி. நீந்துகிற கிருமிகளைச் சவுக்குமுளையைக் கொண்டு உடம்பு கண்டுபிடிக்கும் என்று சொன்னேன் அல்லவா? இது தன் சவுக்குமுளைகளை இரண்டு சவ்வுகளுக்கும் இடையே உள்ளே வைத்திருக்கிறது. வெளியே ஒன்றும் நீட்டாமலே திருகித் திருகி நீந்தும். வெளிச்சவ்வின் கொழுப்புச் சர்க்கரையும் விசித்திரமானது. சுண்டெலியின் உணரி அதை இனங்கண்டு விடும், மனிதனுடைய அதே உணரி காணாது. அதற்குமேல், “இது நம்முடைய கலம், தாக்காதே” என்று நிரப்புப் புரதங்களுக்குச் சொல்லுகிற காரணி எச் என்ற புரதம் எங்கள் குருதியிலேயே இருக்கிறது. லெப்டொஸ்பைரா அதைப் பிடித்துத் தன் மேல் ஒட்டிக்கொள்ளும். வெடித்த குதிக்காலால் உள்ளே போனால் காய்ச்சல் வர பெரும்பாலும் ஐந்து முதல் பதினாலு நாள். அந்த நாட்களில் ஆள் நல்ல சுகமாக, வழக்கம்போல வயலுக்குப் போய் வந்துகொண்டிருப்பார். ஐயாவும் அப்படித்தான் இருந்தார்.

அவர் உடம்பு பலவீனமாக இருக்கவில்லை. அம்மாவின் சாப்பாட்டில் குறை இருக்கவில்லை. சத்தான சாப்பாடு தேவைதான், சலரோகம் கட்டுப்பாட்டில் இருப்பதும் தேவைதான். ஆனால் உணரியின் கண்ணுக்கே படாத ஒன்றை முருங்கைக்கீரை கண்டுபிடித்துத் தராது. அதனால்தான் “எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்” என்று விற்கிற தூள்களை நம்பிக் காய்ச்சலோடு நாள் கடத்துவதைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் வைத்தியரிடம் போங்கள். வெள்ளத்தண்ணீரில், சேற்றில் நின்றிருந்தால் மூன்று நாளும் பார்க்க வேண்டாம், அன்றே போங்கள். நின்றதை நீங்களாகவே சொல்லுங்கள். அன்டிபயோட்டிக்கின் முதல் குளிசைக்கு முன் குருதி வளர்ப்புச் சோதனைக்கு எடுக்கச் சொன்னால் “இவ்வளவு இரத்தமா” என்று முகம் சுளிக்காதீர்கள். மில்லிலீற்றருக்கு ஒன்றே மிதக்கிற கிருமியைப் பிடிக்க அவ்வளவும் வேண்டும்.

மறைக்கிற போர்வையே கிருமிக்கு எதிரியாகவும் ஆகலாம் என்பது மருத்துவம் கண்ட நல்ல வழி. நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசிகளில் இருப்பது அந்த வீ.ஐ. சர்க்கரைதான், உணவகங்களில் வேலை செய்வோரைப் போடச் சொல்லி பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) நிற்பது இதற்காகத்தான். 2008இலிருந்து இலங்கையில் குழந்தைகளுக்குப் போடுகிற ஐங்கூட்டுத் தடுப்பூசியிலும் ஒரு கிருமியின் உறைச் சர்க்கரை இருக்கிறது. போர்வையையே முன்கூட்டிக் காட்டிக் கொடுத்துவிட்டால் பிறகு அதைப் போர்த்திக்கொண்டு வருகிறவனை உடம்பு பிடித்துவிடும்.

இதையெல்லாம் அம்மாவுக்கு ஒரு பின்னேரம் குசினி வாசலில் இருந்து சொன்னேன். சவுக்குமுளையை உள்ளே ஒளித்து வைக்கிற கதையை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப என்ர சாப்பாட்டில பிழையில்லை, அந்த வெடிப்பைத்தான் பார்த்திருக்கோணும்” என்றார். இப்போது வயல்காலம் தொடங்கினால் ஐயா எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் கொடுக்கிற டொக்சிசைக்கிளின் 200 மில்லிகிராமைக் கிழமைக்கு ஒரு தரம் போடுகிறார். வெறும்வயிற்றில் போட்டால் வயிற்றைப் பிரட்டும் என்பதால் சோறு சாப்பிட்டு முடியும்வரை குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு அம்மா பக்கத்திலேயே நிற்பார். இரவில் அவர் குதிக்காலைக் கழுவித் துடைத்து நல்லெண்ணெய் பூசுவதும் அம்மாதான்.